கச்சான் தோலை ஊதி விடாதீங்க: கொட்டை, பருப்பு, தோலு, புண்ணாக்கு பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஹட்டன் பக்கத்துல பிள்ளைகளுக்கு சயின்ஸ் சொல்லிக் குடுக்கிறேன். ஒட்சியேற்றம் பாடம் நடத்தினப்ப, அதைத் தடுக்கிற ஆன்டிஆக்ஸிடன்டுக்குக் கச்சானையும் (நிலக்கடலை) தேயிலையையும் உதாரணமா சொன்னேன், அது வீட்டுக்குப் போயி அம்மா அப்பா தாத்தா பாட்டி வரைக்கும் பரவி இப்ப டவுன்ல பஸ்ஸுக்கு நிக்கிறப்பகூட "சேர், பாதாம் வாங்கணுமா, தோலோட திங்கணுமா"ன்னு கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்றதை ஒரே இடத்துல எழுதி வச்சிட்டா எல்லாருக்கும் உதவும்னு இதை எழுதுறேன்.

ஆன்டிஆக்ஸிடன்ட்னா என்ன? விளங்குற மாதிரி சொல்லுங்க.

நம்ம ஆளுங்களுக்கு இது தெரியாத விஷயமே இல்ல. தேயிலைக் கொழுந்து பச்சையா ஃபெக்டரிக்குள்ள போகுது, ரோலர்ல நசுங்கி விரிச்சு வச்ச கொஞ்ச நேரத்துல செம்பு நிறமா மாறுது, அதுதான் ஒட்சியேற்றம். காத்துல இருக்கிற ஒட்சிசன் இலைக்குள்ள இருக்கிற கட்டெச்சின்ங்கிற சாமானைப் புடிச்சு மாத்திடுது. கத்தரிக்காயை வெட்டி வச்சா கறுக்குறதும், தேங்கெண்ணெய் பழசாகி சிக்கு வாடை வர்றதும் ஒட்சிசன் பண்ற வேலைதான்.

நம்ம உடம்புக்குள்ளயும் மூச்சு விடுறது, சாப்பாடு செமிக்கிறது, பீடி சிகரெட் புகை, அடுப்புப் புகை இதாலெல்லாம் ஒரு இலத்திரன் குறைஞ்ச துணுக்குகள் உண்டாகி, பக்கத்துல இருக்கிறதுகிட்ட இருந்து இலத்திரனைப் பிடுங்கப் பாக்குது. அப்படிப் பிடுங்கினா கலத்தைச் சுத்தி இருக்கிற மென்சவ்வுல உள்ள கொழுப்பு கெடும், டீஎன்ஏ கெடும். ஆன்டிஆக்ஸிடன்ட் தன்கிட்ட இருக்கிற இலத்திரனைக் குடுத்து அந்தத் துணுக்கை அடக்கி விடுது, குடுத்த பொறகும் தான் பெருசா ஆட்டம் போடாம நிக்குது. வேற எந்த மாயமும் அதுல இல்ல.

கொட்டையில இது ஏன் இவ்வளவு இருக்குன்னா, ஒரு கொட்டைன்னா எண்ணெய்க் குடம் மாதிரி. கச்சான்லயும் பாதாம்லயும் கிட்டத்தட்ட பாதி எண்ணெய், வால்நட்ல அதை விட அதிகம். முளைக்கிற வரைக்கும் அந்த எண்ணெய் கெடாம இருந்தாத்தான் குட்டிச் செடிக்குச் சாப்பாடு, அதுக்காகத்தான் மரமும் செடியும் பருப்புக்குள்ள விற்றமின் ஈயையும், பருப்பைச் சுத்தி துவர்ப்பான ஒரு தோலையும் வச்சு அனுப்புது.

எந்தக் கொட்டையில என்ன இருக்கு?

பாதாம்ல விற்றமின் ஈ. 100 கிராமுக்குச் சுமார் 25 மில்லிகிராம். பெரியவங்க ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் போதும், அப்படின்னா ஒரு கைப்பிடி பாதாம் சாப்பிட்டா பாதித் தேவை முடிஞ்சிடும். வால்நட்ல எலாஜிட்டனின்னு ஒரு வகை, அதை நம்ம குடல்ல இருக்கிற பக்டீரியா உடைச்சு யூரோலித்தின்னு வேற ஒன்னா மாத்துது, ஆளுக்கு ஆள் குடல் பக்டீரியா வித்தியாசம்ங்கிறதால எல்லாருக்கும் ஒரே அளவு கெடைக்காது. பிஸ்தாவோட பச்சை நிறத்துல லூட்டின், அது கண்ணோட விழித்திரையிலயும் இருக்கிற சாமான். பிரேசில் நட்ல செலனியம், அது ஒன்னு ரெண்டு தின்னாலே ஒரு நாளைக்கு வேணும்ங்கிற 55 மைக்ரோகிராம் வந்திடும், நல்லதுன்னு தினம் கை நெறய தின்னா முடி கொட்டும், நகம் உடையும், அதனால அதுல மட்டும் கவனம்.

கச்சான் சரியாச் சொன்னா கொட்டையே இல்ல, பயறு, பருப்பு குடும்பத்தைச் சேந்தது. தேங்காயும் கொட்டை இல்ல, மாங்காய் மாதிரி ஒரு பழம். ஆனா எண்ணெய், தோலு, துவர்ப்புன்னு வர்றப்ப எல்லாம் ஒரே கதைதான், அதனால இங்க சேத்தே எழுதுறேன்.

பாதாம் வாங்குற வசதி இல்ல. கச்சான் போதுமா?

போதும். இதை நான் மனசாரச் சொல்றேன், ஏன்னா ஒரு நாள் சம்பளத்துல பெரிய பங்கைக் குடுத்து ஒரு சின்னப் பக்கெட் பாதாம் வாங்கி, பிள்ளைக்கு நாலு, புருஷனுக்கு நாலுன்னு பிரிச்சுக் குடுத்திட்டு தான் ஒன்னும் திங்காம இருக்கிற தாய்மாரை எனக்குத் தெரியும். அந்தக் காசுக்கு கச்சான் வாங்கினா குடும்பமே ஒரு கெழமைக்குச் சாப்பிடலாம்.

100 கிராம் கச்சான்ல புரதம் 25 கிராம் கிட்ட இருக்கு, அது பாதாமை விடவும் கூட. விற்றமின் ஈ 8 மில்லிகிராம் அளவு, பாதாம்ல இருக்கிறதுல மூணுல ஒரு பங்கு, அது குறைவுதான், ஒத்துக்கணும். ஆனா பருப்புக்குள்ள கூமாரிக் அமிலம்னு ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கு. அதோட அந்த செவப்புத் தோல்ல இருக்கிற புரோசயனிடின், கட்டெச்சின் எல்லாம் நம்ம தேயிலையில இருக்கிற துவர்ப்போட ஒரே குடும்பம். சிவப்பு வைன்ல இருக்குன்னு பெருசாப் பேசுற ரெஸ்வெரட்ரோல்கூட கச்சான்ல இருக்கு, ரொம்பக் கொஞ்சம்தான், அதுக்காக யாரும் கச்சான் திங்கத் தேவையில்ல.

மொனராகலைப் பக்கத்துல இருந்து வர்ற கச்சான் பதுளை, பண்டாரவளைச் சந்தையில தாராளமாக் கெடைக்குது. கடல் தாண்டி வந்து எத்தனை மாசம் எந்தக் களஞ்சியத்துல கெடந்ததுன்னே தெரியாத பாதாமை விட, இந்தப் போகத்துல புடுங்கின கச்சான் எவ்வளவோ மேல்.

தோலோட திங்கணுமா? எங்க அம்மா பாதாமை ஊற வச்சு தோலை உரிச்சுத்தான் குடுப்பாங்க.

தோலோட தின்னுங்க. நான் எல்லார்கிட்டயும் திரும்பத் திரும்பச் சொல்றது இது ஒன்னுதான்.

வால்நட்டை எடுத்துக்கிட்டா அதுல இருக்கிற பொலிபினோல்ல (கட்டெச்சின், டனின் மாதிரி ஆன்டிஆக்ஸிடன்ட் எல்லாம் சேந்த கூட்டத்துக்குப் பேரு) பெரும்பங்கு அந்த மெல்லிசான கசப்புத் தோல்லதான், பருப்புல ரொம்பக் குறைவு. பாதாம் தோல்ல கட்டெச்சின், எபிகட்டெச்சின், குவெர்செட்டின் மாதிரி பல சாமான் இருக்கு. சுடுதண்ணியில போட்டு உரிக்கிறப்ப தோலும் போகுது, தோல்ல இருந்து கரைஞ்ச மிச்சம் தண்ணியோடயும் போகுது. அந்தத் தண்ணி மண்ணிறமா மாறுறதைப் பாத்திருப்பீங்க, சாயம் இறங்கின தேத்தண்ணி மாதிரியே இருக்கும், அது சும்மா கலர் இல்ல.

அம்மா செஞ்சதும் தப்பு இல்ல. பல் இல்லாதவங்களுக்கு, சின்னப் பிள்ளைக்கு, வயிறு சரியில்லாதவங்களுக்கு தோல் இல்லாம மென்மையாக் குடுக்கிறது சரிதான். தோல் விஷம், சூடுன்னு சொல்லி எல்லாரும் உரிக்கிறதுலதான் அர்த்தம் இல்ல. ஊற வைக்கணும்னா வைங்க, மெல்ல லேசா இருக்கும், ஆனா தோலோட மெல்லுங்க.

கச்சான்ல நாம பண்றது இன்னும் மோசம். ரெயில்ல நானுஓயா தாண்டுறப்ப ஒரு கடதாசிச் சுருள் கச்சான் வாங்கி, உள்ளங்கையில வச்சுக் கசக்கி, ஜன்னல் பக்கமா ஊதி விடுவோம், பறக்குதே செவப்பா, அதுலதான் அந்தச் சுருள்ல இருக்கிற துவர்ப்பு முழுக்க இருந்திச்சு. நானும் முப்பது வருஷமா ஊதினவன்தான், இப்ப ஊதுறது இல்ல.

நாக்குல துவர்க்குதா, அங்க டனின் இருக்கு. கையில மெஷின் வேணாம், நாக்கு போதும், தேத்தண்ணி குடிச்சே வளர்ந்த நம்ம நாக்குக்கு இது நல்லாவே தெரியும்.

அவிச்ச கச்சானா, வறுத்த கச்சானா?

ரெண்டும் சரி, எனக்குக் கேட்டா அவிச்சது. கோதோட உப்புத் தண்ணியில அவிக்கிறப்ப கோதுலயும் தோல்லயும் இருக்கிற சிலது தண்ணியில கரைஞ்சு பருப்புக்குள்ள இறங்குது. அமெரிக்காவுல அலபாமாவுல பண்ணி 2007ல வெளிவந்த ஒரு ஆய்வுல அவிச்ச கச்சான்ல ஐசோபிளேவோன்ங்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் வகைகள் பச்சைக் கச்சானை விட நாலு மடங்கு வரைக்கும் கூடி இருந்திச்சு. வறுத்தா வாசம் நல்லா இருக்கும், செவக்க வறுக்கிறதுல ஆன்டிஆக்ஸிடன்ட் எல்லாம் செத்துப் போறதும் இல்ல, ஆனா கறுகிப் போற அளவுக்கு மணல்ல போட்டு வறுத்தது வேணாம். உப்பைக் குறைச்சுக்குங்க, பிரஷர் இருக்கிறவங்க முக்கியமா. அவிச்சது ஒரு நாளைக்கு மேல வெளிய வைக்காதீங்க, கெட்டுப் போயிடும்.

பூசணம் புடிச்ச கச்சானைக் கழுவி, வெயில்ல காய வச்சு, வறுத்துத் திங்கலாமா?

வேணாம். தயவு செஞ்சு வேணாம். மத்த எல்லாக் கேள்வியையும் விட இதுக்குத்தான் நான் அதிகமாப் பயப்படுறேன்.

1960ல இங்கிலாந்துல வான்கோழிக் குஞ்சுகள் ஒரு லட்சத்துக்கு மேல திடீர்னு செத்துப் போச்சு. என்ன நோய்னே தெரியல, பேரே எக்ஸ் நோய்னு வச்சாங்க. தேடிப் பாத்தா, அதுங்களுக்குப் போட்ட தீனியில பிரேசில்ல இருந்து வந்த கச்சான் புண்ணாக்கு இருந்திச்சு, அதுல அஸ்பர்ஜிலஸ் பிளேவஸ்ங்கிற பங்கசு வளர்ந்து ஒரு நஞ்சை விட்டிருந்திச்சு. அப்பதான் அஃப்லடொக்சின்னு ஒன்னு இருக்கிறதே உலகத்துக்குத் தெரிஞ்சுது. அது ஈரலைத் தாக்கும், ஈரல் புற்றுநோய் கொண்டு வரும், ஹெப்படைடிஸ் பி இருக்கிறவங்களுக்கு ஆபத்து இன்னும் பல மடங்கு.

கழுவினா அது போகாது. வெயில்ல காய வச்சாலும், வீட்டு அடுப்புல வறுத்தாலும் முழுசாப் போகாது. பங்கசு செத்துப் போகும், அது விட்ட நஞ்சு அங்கயே இருக்கும்.

குளிருக்கு இந்தப் பங்கசு நல்லா வளராது, அதுக்கு வேண்டியது சூடும் ஈரமும். அதனால நஞ்சு பெரும்பாலும் கீழ்நாட்டுலயே, புடுங்கி சரியாக் காயப் போடாம சாக்குல கட்டின இடத்துலயே உண்டாகிடும். நம்ம ஊருக்கு வந்த பொறகு வட்டவளை, கினிகத்தேனை மாதிரி மே மாசத்துல இருந்து மழை விடாத இடங்கள்ல லயத்து அடுப்படி மூலையில கவர்ல கட்டி வச்சா, ஈரம் ஏறி மிச்சத்தை மத்த பூசணங்கள் பாத்துக்கும். பதுளைப் பக்கம் அதே கதை ஐப்பசி கார்த்திகையில.

சுருங்கினது, கறுத்தது, பச்சை மஞ்சள் தூள் படிஞ்சது, உடைச்சா உள்ள சாம்பல் நிறம் இருக்கிறது, வாயில போட்டா கசக்குறது, எல்லாத்தையும் துப்பிடுங்க, விழுங்காதீங்க. ஒரு தடவை டவுன்ல ஒரு கடையில நான் வாங்கின கச்சான்ல பாதி இப்படித்தான் இருந்திச்சு, திருப்பிக் கொண்டு போனா "வறுத்தா சரியாகிடும்"னு சொல்லித் திருப்பி விட்டாங்க. சரியாகாது. வாங்குறப்பவே நாலு கோதை உடைச்சுப் பாத்து வாங்குங்க, வெக்கப்படாதீங்க, உங்க காசு. கச்சான் அல்வா, தூளாக்கின மசாலாக் கச்சான் இதுலயெல்லாம் கெட்டது தெரியவே தெரியாது, அதனால தெரிஞ்ச கையில வாங்குங்க.

அப்ப பூசணம் புடிச்சதை மாட்டுக்குப் போடலாமா?

மாட்டுக்கும் வேணாம், கோழிக்கும் வேணாம். பசு அஃப்லடொக்சின் இருக்கிற புண்ணாக்கைத் தின்னா அதுல ஒரு சிறு பங்கு மாறி பால்ல வருது, எம்1னு அதுக்குப் பேரு. பாலைக் காய்ச்சினாலும் அது போகாது. தோட்டத்துல மாடு வச்சிருக்கிற வீடுகள்ல அந்தப் பாலை முதல்ல குடிக்கிறது சின்னப் பிள்ளைகள்தானே. புண்ணாக்கு மூட்டையைத் தரையில வைக்காம பலகை மேல வைங்க, சுவர்ல ஒட்டாம வைங்க, கட்டி புடிச்சு வாடை வந்தா குப்பைக் குழிதான் அதுக்கு இடம்.

நல்ல புண்ணாக்கு ரொம்ப நல்ல சாமான். எண்ணெய் புழிஞ்ச பொறகும் புரதமும் பொலிபினோலும் சக்கையிலயே நிறைய தங்கிடுது. ஆனா கச்சான் தோலை மட்டும் தனியாச் சேத்து மாட்டுக்கு அள்ளிப் போடக் கூடாது, அதுல இருக்கிற டனின் தீனியில உள்ள புரதத்தைப் புடிச்சு வச்சுக்கும், மாட்டுக்குச் செமிக்காது.

ரத்தம் குறைவுன்னு கிளினிக்ல சொல்லி இருக்காங்க. கச்சான் தோல், தேத்தண்ணி எல்லாம் நல்லதுன்னு சொல்றீங்களே, குடிக்கலாமா?

இந்தக் கேள்வியை ஒரு அக்கா கேட்டாங்க, கொழுந்து எடுக்கிறவங்க, கேட்டதுக்கு நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன், ஏன்னா ஆன்டிஆக்ஸிடன்ட் பத்தி எழுதுற பல பேர் இதைச் சொல்றதே இல்ல.

டனின் ஒட்சிசனோட விளைவை அடக்குற மாதிரியே இரும்பையும் புடிச்சு வச்சுக்கும். கீரை, பருப்பு, சோத்துல இருந்து வர்ற இரும்பை உடம்பு உறிஞ்ச விடாது. சாப்பாட்டோட சாயத்தண்ணி குடிச்சா உறிஞ்சுற இரும்பு பாதிக்கும் கீழ போயிடலாம். தோலோட இருக்கிற கச்சான், வால்நட், பாதாமுக்கும் இது பொருந்தும், அதுலயெல்லாம் பைட்டேட்டுன்னு இரும்பைப் புடிக்கிற இன்னொன்னும் இருக்கு.

அதனால ரத்தம் குறைவா இருக்கிறவங்க, வயித்துல பிள்ளை இருக்கிறவங்க சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவுல ஒரு மணித்தியாலமாவது விடுங்க. கச்சானை அந்த இடைவேளையில, பத்து மணித் தேத்தண்ணியோட தின்னுங்க, சோத்தோட வேணாம். சோத்தோட தேசிக்காய் புழிங்க, கொய்யா, நெல்லிக்காய் ஏதாவது சேத்துக்குங்க, விற்றமின் சி இரும்பை உள்ள இழுத்து விடும். கிளினிக்ல குடுக்கிற இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோட விழுங்காதீங்க, வெறும் தண்ணி. மலையில ஏறி இறங்கி நாள் முழுக்கக் கொழுந்து எடுக்கிற உடம்புக்கு ரத்தம்தான் முதல், ஆன்டிஆக்ஸிடன்ட் அதுக்குப் பொறகு.

பாக்குலயும் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்காமே? அப்ப வெத்தலை போடுறது நல்லதுதானே?

இருக்கு. பொய் சொல்ல மாட்டேன். கொட்டைப்பாக்கு துவர்க்குதே, அதுலயும் கட்டெச்சின், டனின் நிறைய இருக்கு, சோதனைக் குழாய்ல போட்டுப் பாத்தா நல்லாவே வேலை செய்யும்.

ஆனாலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும். உலக சுகாதார ஸ்தாபனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004ல வெளியிட்ட அறிக்கையில, புகையிலை சேக்காத வெறும் வெத்தலை பாக்கையும், பாக்கை மட்டும் தனியாவும்கூட மனுஷருக்குப் புற்றுநோய் தர்ற சாமான்னு முதலாம் வகுப்புல போட்டிருக்காங்க. இலங்கையில ஆம்பிளைகளுக்கு வர்ற புற்றுநோய்ல முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான். பாக்குல இருக்கிற அரெகொலின் வாய்க்குள்ள தசையை இறுக வைக்குது, வாய் நாளுக்கு நாள் திறக்க முடியாமப் போகும், சோத்துப் பிடி உள்ள போகாது, கொச்சிக்காய் பட்டா எரியும், அந்த நிலையில இருந்து சில பேருக்குப் புற்றுநோயா மாறுது. சுண்ணாம்பு வேற அந்த இடத்துல இருந்துக்கிட்டு ஒட்சியேற்றத்தைக் கூட்டி விடுது.

குளிருக்கு, பசிக்கு, நின்னுக்கிட்டே வேலை செய்யுற களைப்புக்கு வெத்தலை போடுறாங்க, எனக்கு அது விளங்குது, என் பாட்டி இடுப்புல வெத்தலைப் பை இல்லாம நான் பாத்ததே இல்ல. அதனாலதான் இதை இவ்வளவு எழுதுறேன். ஒரு சாமான்ல ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்குங்கிறதுக்காக அந்தச் சாமான் நல்லதுன்னு ஆகிடாது. வாய்ல வெள்ளைத் தழும்பு, செவப்புத் தழும்பு, ரெண்டு கெழமைக்கு மேல ஆறாத புண்ணு, மூணு விரலை நிமித்தி வாய்க்குள்ள விட முடியாத இறுக்கம் இதுல ஏதாவது இருந்தா உடனே பல் டொக்டர்கிட்ட காட்டுங்க. சீக்கிரம் பாத்தா சுகப்படுத்தலாம்.

கஜு கோதுல எண்ணெய் இருக்காமே, அதை மருந்தாப் பூசலாமா?

பூசாதீங்க, கை வெந்து போகும். கஜுவும் (முந்திரி) மாங்காயும் ஒரே குடும்பம், மாங்காப் பால் பட்டா உதடு புண்ணாகுதே, அதோட பெரிய அண்ணன்தான் கஜு கோது எண்ணெய். அனகார்டிக் அமிலம், கார்டனோல், கார்டோல்னு மூணு அதுல இருக்கு, ஒட்சியேற்றத்தைத் தடுக்கிற குணமும் அதுக்கு உண்டு, ஆனா அது போற இடம் வாகனத்தோட பிரேக், பெயின்ட், பிசின் செய்யுற தொழிற்சாலை. கண்டியில இருந்து கொழும்புக்குப் போற வழியில கஜுகமவுல ரோட்டோரம் கஜு விக்கிற அக்காமாரைப் பாத்திருப்பீங்க, அந்த வெள்ளைப் பருப்புக்குப் பின்னால கோது உடைச்ச ஒருத்தரோட கறுத்த விரல் இருக்கு.

பருப்பு மேல இருக்கிற மண்ணிறத் தோல்ல கட்டெச்சின், எபிகட்டெச்சின் நிறைய இருக்கு, தோல் பதனிடக்கூட பயன்படுத்துறாங்க. கஜுப் பழத்துல தோடம்பழத்தை விட நாலஞ்சு மடங்கு விற்றமின் சி இருக்கு, மரத்தடியில அழுகிப் போறதைப் பாக்குறப்ப மனசு பொறுக்காது.

தேங்காய்?

தேங்காயை உடைச்சு ஓட்டுல இருந்து எடுத்தா வெள்ளைக்கு மேல மண்ணிறத் தோல் ஒன்னு ஒட்டி இருக்கும், பொலிபினோல் அதுல நல்லா இருக்கு. தேங்காய்த் துருவல் செய்யுற ஃபெக்டரிகள்ல வெள்ளையா வேணும்னு அதைச் சீவி எடுத்திடுவாங்க, சீவினதுல இருந்து தனியா எண்ணெய் எடுப்பாங்க. நம்ம வீட்டுச் சம்பலுக்கு அடி வரைக்கும் துருவுங்க, கொஞ்சம் மங்கல் நிறமா இருந்தா இருக்கட்டும்.

இன்னொன்னு, தேங்காய்ப் பாலைக் காய்ச்சி வீட்டுல எடுக்கிற எண்ணெய்ல, சூடு காட்டாம எடுக்கிற எண்ணெயை விட பினோல் வகைகள் கூட இருக்குன்னு களனிப் பல்கலைக்கழகத்து ஆய்வுல 2008ல காட்டி இருக்காங்க. பாட்டிமார் சட்டியில காய்ச்சி எடுத்தது நல்ல எண்ணெய்தான். ஆனா தேங்கெண்ணெய் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, அளவாத்தான் எடுக்கணும்.

ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை வாங்கலாமா?

வேணாம். பின்லாந்துல சிகரெட் குடிக்கிற ஆம்பிளைகள் 29,133 பேர் கலந்துக்கிட்ட ஆய்வுல பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும்னு எதிர்பாத்தாங்க, 1994ல முடிவு வந்தப்ப அது 18 சதவீதம் கூடி இருந்திச்சு. அமெரிக்காவுல 35,000 பேருக்கு மேல சேத்த இன்னொரு ஆய்வுல விற்றமின் ஈயை அதிக அளவுல மாத்திரையா எடுத்த ஆம்பிளைகளுக்கு புரொஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடினதா 2011ல சொன்னாங்க. சாப்பாட்டோட கொஞ்சம் கொஞ்சமா, மத்த நூறு சாமானோட கலந்து வர்றது வேற, ஒன்னை மட்டும் பிரிச்சு அள்ளிக் குடுக்கிறது வேற.

பக்கெட்ல ஓராக் நம்பர் போட்டிருக்கே?

ஒரு சாமான் ஒட்சியேற்றத்தை எவ்வளவு தடுக்குதுன்னு சோதனைக் குழாய்ல பாத்துப் போடுற கணக்கு அது. அமெரிக்க விவசாயத் திணைக்களமே அந்தப் பட்டியலை 2012ல எடுத்து விட்டுட்டாங்க, உடம்புக்குள்ள நடக்கிறதுக்கும் அந்த நம்பருக்கும் சம்பந்தம் இல்லைங்கிறதால. அதைப் பாத்து கூடக் காசு குடுக்காதீங்க.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

ஒரு கைப்பிடி, 30 கிராம். ஸ்பெயின்ல இருதய நோய் வர்ற வாய்ப்பு கூடின 7,447 பேரை வச்சுப் பண்ணின பெரிய ஆய்வுல ஒரு கூட்டத்துக்கு இந்த 30 கிராம்தான், வால்நட் பாதி, பாதாமும் ஹேசல்நட்டும் மிச்சப் பாதி. அவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரியானது கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைஞ்சிது. 2013ல வெளியிட்டாங்க, ஆட்களைப் பிரிச்ச முறையில சில இடங்கள்ல பிழை இருந்ததால வாபஸ் வாங்கி கணக்கைத் திரும்பப் பாத்து 2018ல மறுபடியும் போட்டாங்க, முடிவு பெருசா மாறல. அது ஆன்டிஆக்ஸிடன்டால மட்டும்னு சொல்ல முடியாது, நல்ல கொழுப்பு, நார், மக்னீசியம் எல்லாம் சேந்துதான். 30 கிராம் கச்சான்ல 170 கலோரி இருக்கு, சுகர் இருக்கிறவங்க பாணையோ பிஸ்கட்டையோ குறைச்சிட்டு அந்த இடத்துல இதைத் தின்னுங்க, மேலதிகமா வேணாம்.

சின்னப் பிள்ளைக்கு எப்ப குடுக்கலாம்?

முழுசா அஞ்சு வயசு வரைக்கும் குடுக்கக் கூடாது, தொண்டையில அடைச்சுக்கும், நிமிஷத்துல உயிர் போயிடும். நல்லா அரைச்சு கஞ்சியில கலந்து ஆறு மாசத்துக்குப் பொறகு சின்ன அளவுல குடுக்கலாம். லண்டன்ல அலர்ஜி வர்ற வாய்ப்பு கூடின 640 குழந்தைகளை வச்சு 2015ல வெளிவந்த ஆய்வுல, சின்னதுலயே கச்சான் சாப்பாடு பழக்கின பிள்ளைகளுக்கு கச்சான் அலர்ஜி 80 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருந்திச்சு. ஆனா கடுமையான எக்சிமாவோ (தோல் அரிப்பு நோய்) முட்டை அலர்ஜியோ இருக்கிற பிள்ளைன்னா டொக்டரைக் கேக்காம ஆரம்பிக்க வேணாம். உதடு வீங்குறது, மூச்சு இழுக்குறது வந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

கொட்டாங்காய், தெல் கெக்குன பொறுக்கித் திங்கலாமா?

கொட்டாங்காய்ப் பருப்பு அருமையான பருப்பு, நாட்டு வாதுமைன்னு சொல்றது அதைத்தான், உடைக்கிற பொறுமை இருந்தா தாராளமாத் தின்னுங்க. தெல் கெக்குனவைப் பச்சையாத் திங்கவே கூடாது, வாந்தியும் வயித்தாலயும் புடுங்கி எடுத்திடும். அது அந்தக் காலத்துல விளக்கு எரிக்க எண்ணெய் எடுத்த கொட்டை. பிள்ளைகளுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் காட்டிக் குடுங்க.

எப்படி வைக்கிறது?

கோதோட இருந்தா நாள் கூட நிக்கும், உடைச்சது சீக்கிரம் சிக்கு வாடை வரும், தூளாக்கினது அதை விடச் சீக்கிரம். நல்லாக் காஞ்ச போத்தல், இறுக்கமான மூடி, வெளிச்சம் படாத இடம். அடுப்புக்கு மேல தட்டுல வைக்காதீங்க, சூடு ஏறும். குளிரூர்ல இருக்கிறது நமக்கு ஒரு வரம், கொழும்பு வெக்கையில கெடுற வேகத்துல இங்க கெடாது, ஈரத்தை மட்டும் தடுத்தாப் போதும். பால்மா பேணியை நல்லாத் துடைச்சு வெயில்ல வச்சு அதுல போட்டு வைங்க.

தோலைத் தனியாத் திங்கப் புடிக்கல. வேற என்ன பண்ணலாம்?

எங்க வீட்டுல பண்றதைச் சொல்றேன். ரெண்டு கைப்பிடி கச்சானைத் தோலோட மெல்லிசான நெருப்புல வறுத்து ஆற விடணும். காஞ்ச கொச்சிக்காய் மூணு, ரெண்டு பல்லு உள்ளிப்பூடு, நாலு சின்ன வெங்காயம், கொஞ்சம் கறிவேப்பிலை, உப்பு. அம்மியில முதல்ல கொச்சிக்காயும் உப்பும், பொறகு கச்சானைத் தோலோட போட்டுக் கொரகொரன்னு அரைச்சு, கடைசியா வெங்காயத்தைத் தட்டி, தேசிக்காய் அரை மூடி புழிஞ்சா சம்பல் ரெடி. தேசிக்காய்ப் புளி சேந்தா தோலோட துவர்ப்பு அடங்கிடும், பிள்ளைகளுக்குத் தோல் இருக்கிறதே தெரியாது. கோதுமை ரொட்டிக்கு நல்லா இருக்கும். கோதை மட்டும் மரக்கறித் தோட்டத்துல போடுங்க, லீக்ஸ் பாத்திக்கு மேல தூவி விட்டா மண்ணு காயாம இருக்கும்.